முழு மறுமொழி

மிஸ் என்னை ஓரிடத்துக்கு அனுப்பினால், திரும்பி வந்து "கேட்டன் மிஸ், சரியாம்" என்று ஒரே சொல்லில் தப்பிவிட முடியாது. யாரிடம் கேட்டேன், அவர் முதலில் என்ன சொன்னார், பிறகு வாய்க்குள் என்ன முணுமுணுத்தார், கதையை எப்படி முடித்தார், எல்லாம் வேண்டும். டெலிபோன் கந்தோருக்குப் போய் எங்கள் லைன் ஏன் இரைகிறது என்று கேட்டுவர எனக்குப் பதினைந்து நிமிடம் போதும். அதை மிஸ்ஸிடம் ஒப்புவிக்க அரை மணி நேரம் பிடிக்கும்.

"ஆரு காக்கா சொன்ன?"

"கண்ணாடி போட்ட அந்தப் பெரியவர்தான்."

"என்னண்டு சொன்னார்?"

"நாளைக்கு ஆள் அனுப்புறமாம்."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு ஒண்டுமில்ல மிஸ். பக்கத்துல இரிந்தவரப் பாத்துச் சிரிச்சார்."

"அத முதல்ல சொல்லியிரிக்கணும். அப்ப நாளைக்கு ஆள் வராது. நீங்க திரும்பப் போங்க."

நானும் திரும்பப் போவேன், வெயிலில், சைக்கிளில், மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு. ஆள் உண்மையிலேயே மறுநாள் வந்திருக்க மாட்டார் என்பது வேறு விசயம். உள்ளதைச் சொல்கிறேன், முதல் ஆறு மாதம் எனக்கு மிஸ்ஸைக் கண்ணிலும் காட்டக்கூடாது. அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயதிருக்கும். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது; அதனால்தான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவார். என்னைவிட இளைய ஒருவரிடம் தினமும் வாக்குமூலம் கொடுப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

தொண்ணூறுகளின் கடைசி வருசங்கள் அவை. கல்முனையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் எங்கள் கந்தோர் இருந்தது. கொழும்பில் தலைமை அலுவலகம், இங்கே நாங்கள் இருவர். ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களைத் தேடிக் கொடுப்பது வேலை. இயந்திரம் பழுதாகி, காற்று இழுத்துக்கொண்டு போய், படகுகள் எங்கெங்கோ கரைதட்டும். அந்தமானில் பிடிபட்டவன் அங்கே சிறையில் இருப்பான். மாலைதீவில் காப்பாற்றப்பட்டவன் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் கிடப்பான். அங்கிருந்து வரும் பெயர்களை எல்லாம் கொழும்பில் சேர்த்து, ஒரே பட்டியலாக்கி, சுருக்கிக் கட்டி, டெலிபோன் வழியாக எங்கள் கணினிக்கு அனுப்புவார்கள். சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் பெண்கள் வந்து என் மேசைக்கு முன்னால் இருந்து பெயர் சொல்வார்கள். நான் தட்டிப் பார்ப்பேன். இருந்தால் இருக்கிறது என்பேன். இல்லாவிட்டால் இல்லை என்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதற்காகச் சம்பளம் கூட்டித் தந்திருக்க வேண்டும்.

தட்டிப் பார்க்கும் அந்த ஏற்பாட்டை எழுதியவர் மிஸ். கணினிக்குக் கட்டளை எழுதும் பேர்ள் என்று ஒரு மொழி. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் வரும் ஒரு கணினியை அவர் கொழும்பிலிருந்து கொண்டு வந்திருந்தார். அதிலிருந்து ஒரு வயர் என் மேசைக்கு வந்து இன்னொரு திரையில் முடியும். தன் ஏற்பாட்டைப் பற்றி மிஸ் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது எனக்கு விளங்கப்படுத்தினார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் தொடங்கினார்.

"நான் எழுதினது ஒண்டும் பெரிசாச் செய்யாது காக்கா. அது வெளிய இரிக்கிற வேற புரோகிராம்கள, ஆக்கள ஏவுற மாதிரி ஏவி வேலை வாங்கும். கொழும்புல இருந்து பட்டியல இழுக்க ஒரு ஆள். கட்ட அவிழ்க்க ஒரு ஆள். பேர் தேட ஒரு ஆள்."

"அப்ப நம்மட கந்தோர் மாதிரித்தான்."

"ஓம். ஏவுறதுக்கு ரெண்டு விதம் இரிக்கி. ஒண்டு, போய்ச் செய் எண்டு உடுறது. அவன் செய்வான், சொல்ல வேண்டியத நேரா திரையில கத்திப்போட்டுப் போயிருவான். நமக்கு முடிஞ்சுது எண்டு மட்டும்தான் தெரியும். மற்றது, அவன் சொல்றத அப்பிடியே கையில ஏந்துறது. சாய்ஞ்ச ஒரு குறி இரிக்கி, அதுக்குள்ள போட்டா அவன் சொல்ற முழுதும் நம்மட கைக்கு வந்திரும்."

"முழுதுமா?"

"அங்கதான் வில்லங்கம். நல்ல சொல்லு ஒரு வாசலால வரும். பிழை நடந்தா அந்தச் சொல்லு வேற வாசலால வரும். ஏந்துறவன் முன்வாசல்ல மட்டும் நிண்டா, பிழை பின்வாசலால போயிரும். ரெண்டையும் ஒரே வாசலுக்குத் திருப்பணும். அதுக்கும் பிறகு, போனவன் நல்லா முடிச்சானா, இடையில உட்டுட்டு வந்தானா எண்டு ஒரு இலக்கம் தருவான். அதையும் பாக்கணும். மூண்டையும் பாக்காம ஒருத்தன் ஒண்டும் சொல்லல்ல எண்டதுக்காக இல்ல எண்டு முடிவெடுக்கக் கூடாது."

அவர் ஏன் என்னை அப்படிப் பிழிந்து எடுக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கியதால் எரிச்சல் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். மனுசனையும் கணினியையும் ஒரே கையால் பிடிக்கிறாரே என்று இன்னும் கொஞ்சம் கூடியது.

ஆனால் அந்தக் குணம் கணினியால் வந்ததல்ல. மிஸ்ஸின் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில் நானும் கூடப் போயிருந்தேன். டொக்டர் பார்த்துவிட்டு ஒரு துண்டில் மருந்து எழுதிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மிஸ் எழும்பவில்லை. "ஒண்டும் சொல்லாம உட்டது என்ன டொக்டர்?" என்று கேட்டார். டொக்டர் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு, சொல்லாமல் விட்டதைச் சொன்னார். நல்ல செய்தி அல்ல. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மிஸ் அந்த மருந்துத் துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். கேட்காமல் விட்டிருந்தால் அன்றைக்கு மட்டுமாவது நிம்மதியாக இருந்திருக்கலாமே என்று நான் நினைத்தேன்.

சோதனைச் சாவடியிலும் அதே கூத்துத்தான். அக்கரைப்பற்றிலிருந்து வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் மிஸ்ஸின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். பத்து நிமிடம் கழித்து வந்து, ஒரு சொல்லும் பேசாமல் அட்டையை நீட்டினான். நாங்கள் என்றால் வாங்கிக்கொண்டு ஓடுவோம். மிஸ் வாங்கவில்லை. "சரியா, பிழையா? சொல்லித் தாங்க" என்று சிங்களத்தில் கேட்டார். அவன் முறைத்தான். கடைசியில் "ஹரி, ஹரி" என்றான், சரிதான் என்று. அந்தச் சொல்லைக் காதால் கேட்ட பிறகுதான் மிஸ் அட்டையை வாங்கினார். பஸ்ஸில் ஏறியதும் நான் மெதுவாகச் சொன்னேன், உங்களோடு இனிப் பயணம் வர என்னால் ஏலாது என்று.

மிஸ்ஸின் கலியாணத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை இருந்தது. எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் நாளில் பெண்ணிடம் சம்மதம் கேட்க உள்ளே ஆள் போவார்கள். பெண் வாய் திறந்து சொன்னாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி. பேசாமல் இருந்தால் வெட்கம், சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். மிஸ்ஸும் அன்றைக்குப் பேசவில்லையாம். மாப்பிள்ளை எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டுக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனவர், அங்கிருந்து கடிதத்தில் தலாக் எழுதி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டாராம். நான் இதை அவரிடம் கேட்கவில்லை. ஒரு நாள் அவராகவே, ஏதோ ஒரு வேலை நடுவில், திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு அண்டைக்குக் கடும் காய்ச்சல் காக்கா. காது ரெண்டும் அடைச்சிப் போய் இரிந்த. அவங்க வந்து கேட்டதே எனக்குக் கேக்கல்ல."

தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று எழும்பிப் போனேன்.

இப்படிப்பட்ட மனுசியின் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? என் திரையில் ஏதாவது பிழை என்றால், பெரிய எழுத்தில் ஒரு வரி வரும்படி மிஸ் எழுதி வைத்திருந்தார். 'நிற்கவும், மிஸ்ஸைக் கூப்பிடவும்' என்று அதற்கு அர்த்தம். அந்த வரி வந்தால் கூப்பிடுவேன். வராவிட்டால் எல்லாம் சரி என்று இருப்பேன். அதனால்தான் அந்த மாரி காலத்தில் வேறொரு சின்ன வரி வரத் தொடங்கியபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. பெயரைத் தட்டியதும் மேலே ஒரு ஓரமாக நாலைந்து ஆங்கிலச் சொற்கள் விழும். அதற்குக் கீழே வழக்கம்போல மறுமொழி வரும். சில பெயர்கள் கிடைத்தன. சிலது இல்லை. ரேடியோவில் வரும் இரைச்சல் போல அந்த வரியை என் கண் பழகிக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாப்பா வந்தார். அவருடைய மருமகன் போன படகு ஏழு மாதமாகத் திரும்பவில்லை. மகளுக்கு இருபத்திமூன்று வயது, கைக்குழந்தை வேறு. பள்ளிவாசலில் பெரியவர்களோடு கதைத்திருக்கிறார். கடைசியாக ஒரு முறை கந்தோரில் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் இல்லை என்றால் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மையித்து என்னும் உடல் இல்லாமலே இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடத்துவோம், பிள்ளை இத்தா இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் இருப்பது அது. அதோடு அவன் இறந்தவன் என்று ஊரே ஒத்துக்கொண்டது ஆகிவிடும்.

நான் பெயரைத் தட்டினேன். மேலே அந்தச் சின்ன வரி விழுந்தது. கீழே, இல்லை என்று வந்தது.

"இல்ல வாப்பா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழும்பினார். வாசலில் செருப்பைப் போடும்போது வலது காலுக்கு இடது செருப்பைப் போட்டு, பிறகு மாற்றினார்.

புதன்கிழமை காலை மிஸ் ஏதோ தாள் தேடி என் மேசைக்கு வந்தார். நான் அப்போது பாண்டிருப்பு அம்மா ஒருவருக்காகத் தட்டிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸின் கை தாளில் நின்றுவிட்டது.

"இது என்ன?"

"எது மிஸ்?"

"இந்த மேல் வரி."

"அது எப்பவும் வாறதுதானே."

"எப்பவும் எண்டா, எப்ப இருந்து?"

ஒரு கிழமை, ஒரே ஒரு வாரம், என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூண்டு கிழமை இரிக்கும்," என்றேன். மிஸ் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். பாண்டிருப்பு அம்மாவிடம், மத்தியானம் திரும்ப வரச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அந்த வரிக்கு, கோப்பு இடையிலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தமாம். கொழும்பில் பட்டியலைச் சுருக்கும்போதே அது அரைகுறையாக நின்றிருக்கிறது. அனுப்பியது ஒழுங்காக வந்தது, ஆனால் வந்ததே பாதிதான். கட்டை அவிழ்க்கும் ஆள் முன்பாதியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் இல்லை என்று கத்தியிருக்கிறான். முன்பாதியில் இருந்த பெயர்கள் கிடைத்தன. பின்பாதியில் இருந்த ஒருவரும் கிடைக்கவில்லை.

"கத்தினத நீங்க ஏந்தல்லயா மிஸ்?" என்று கேட்டேன். குற்றம் சாட்டக் கேட்கவில்லை. உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது.

மிஸ் தன் எழுத்தைத் திரையில் கொண்டு வந்து விரலை வைத்தார். அவிழ்க்கிறவனையும் தேடுகிறவனையும் அவர் ஒரே வரியில் கோர்த்து விட்டிருந்தார். ஒருவன் கொடுக்க மற்றவன் வாங்குவான். வரியின் கடைசியில் பிழையை முன்வாசலுக்குத் திருப்பும் குறி இருந்தது. ஆனால் அது கடைசி ஆளின் பிழையைத்தான் திருப்பும். முடித்ததற்கான இலக்கமும் கடைசி ஆளுடையதுதான் வரும். தேடுகிறவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, நான் பார்த்தவரைக்கும் இல்லை என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். முதல் ஆள் கத்தியது பின்வாசலால் வந்து என் திரையில் விழுந்தது.

"ஒரு வரி மிச்சம் பிடிக்கப் பாத்தன்," என்றார் மிஸ். "ரெண்டு பேரையும் வேற வேறயா ஏவியிரிக்கணும்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. விசாரிக்க வந்தவர்களின் பெயர்களை நான் எழுதி வைக்கும் கொப்பியைக் கேட்டார். மூன்று கிழமையில் நான் இல்லை என்று சொன்னவர்கள் பதினொரு பேர். கொழும்புக்கு டெலிபோன் கோல் எடுத்தார். பட்டியல் செய்கிறவர் லீவில் போயிருக்கிறார், அடுத்த கிழமைதான் வருவார், அவருடைய கணினியை வேறு யாரும் திறக்க முடியாது என்றார்கள். பத்துப் பேருக்கு, சொன்னது பிழை, முழுப் பட்டியல் வரும்வரை பொறுங்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். பதினோராவது ஆளுக்கு வெள்ளிக்கிழமை இருந்தது.

அன்றைக்கே பின்னேரம், அஸர் தொழுகை நேரம் போல, நானும் மிஸ்ஸும் சாய்ந்தமருதுக்குப் போனோம். அந்த வீட்டு முற்றத்தில் கதிரைகள் அடுக்கியிருந்தன. உள்ளே ஒரு மேசையில் புது வெள்ளைத் துணி மடித்தபடி கிடந்தது. வாப்பாவும் மருமகனின் காக்காவும் முன்னறையில் இருந்தார்கள். மகள் உள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

வழியெல்லாம் நான் மிஸ்ஸிடம் கெஞ்சிக்கொண்டு வந்தேன், இருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லுங்கள், தொழுகையைத் தள்ளிப்போட அதுவே போதும் என்று. அவர் கேட்கவில்லை.

"நாங்க திங்கக்கிழமை இல்ல எண்டு சொன்னது பிழை," என்று தொடங்கினார். "பட்டியல்ல பாதிதான் எங்களுக்கு வந்திரிக்கி. வந்த பாதியில அவர்ட பேர் இல்ல. வராத பாதிய நாங்க பாக்கல்ல. பாக்காமலே இல்ல எண்டு சொல்லிட்டம்."

வாப்பா எழும்பிவிட்டார். "அப்ப இரிக்கான் எண்டு சொல்றீங்களா?"

"இல்ல வாப்பா. அதுவும் எனக்குத் தெரியா."

"தெரியாம என்னத்துக்கு வந்த?"

"தெரியாது எண்டு சொல்லத்தான் வந்த."

மருமகனின் காக்கா சுவரில் சாய்ந்து நின்றவர், இரண்டு எட்டு முன்னால் வந்தார். "ஏழு மாசமா இந்தப் புள்ள சோறு தண்ணி இல்லாமக் கிடக்கு. இப்பதான் மனசத் தேத்தி வெச்சிரிக்கம். நீங்க வந்து திரும்பக் கிளறிட்டுப் போறீங்க. உங்கட கந்தோர்ல இந்தப் பிழைய ஒருத்தரும் காணல்லயா?"

நான் கண்டேன். மூன்று கிழமை, ஒவ்வொரு நாளும் கண்டேன். மிஸ் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எழுதினது நான். பாக்க வேண்டியதும் நான்தான்," என்றார். "பிழை என்ட."

நான் என் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து மகள் கேட்டாள். "மற்றப் பாதி எப்ப வரும் மிஸ்?"

"அடுத்த கிழமை."

"வாப்பா, வெள்ளிக்கிழமை வேணா."

அவ்வளவுதான் அவள் சொன்னது. விரல்கள் கதவிடுக்கிலிருந்து மறைந்தன.

அந்த ஒரு கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. மிஸ் தன் எழுத்தைப் பிரித்து எழுதினார். முதலில் அவிழ்ப்பவனைத் தனியாக ஏவி, அவன் சொன்னதையும் முணுமுணுத்ததையும் முடித்த இலக்கத்தையும் வாங்கிப் பார்த்து, முழுக்க அவிழ்ந்தது என்று உறுதியான பிறகுதான் தேடுபவனைக் கூப்பிடுவது. பழைய பாதிக் கோப்பை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் 'நிற்கவும், மிஸ்ஸைக் கூப்பிடவும்' என்று வந்தது. கொண்டு வந்த சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டு போனார். காலையிலும் மத்தியானத்திலும் கொழும்புக்குக் கோல். லைன் இரைந்தது, விழுந்தது, திரும்பக் கிடைத்தது. மருமகனின் காக்கா இரண்டு தரம் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, ஒன்றும் கேட்காமல் பார்த்துவிட்டுப் போனார். நான் ஐந்து வேளையும் துஆ கேட்டேன். அந்தப் பெயர் மற்றப் பாதியில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்காகக் கேட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எனக்காகவும் கேட்டேன். அவன் உயிரோடு இருந்துவிட்டால், நான் பார்த்தும் விட்ட அந்த வரி ஒரு சின்னப் பிழையாகப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோப்பு வந்தது. மிஸ் ஒவ்வொரு படியாக ஓட்டினார். இழுத்தது சரி. அவிழ்த்தது சரி, இலக்கம் பூச்சியம், அதாவது பிழையில்லை, பின்வாசலில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. பெயரைத் தட்டினார்.

இல்லை.

அவனுடைய வாப்பாவின் பெயரை மட்டும் தட்டிப் பார்த்தார். படகின் பெயரைத் தட்டினார். பிறகு முழுப் பட்டியலையும் பிரிண்டரில் போட்டார். அது பின்னேரம் வரை கறகறவென்று அடித்துக்கொண்டிருந்தது. அடிமட்டக் கோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நான் ஒரு தரம் பார்த்தேன், மிஸ் ஒரு தரம் பார்த்தார். மற்றப் பத்துப் பேரில் இரண்டு பேருடைய ஆட்கள் பின்பாதியில் இருந்தார்கள். அந்த இரண்டு வீட்டிலும் அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

"நான் போய்ச் சொல்றன் மிஸ்," என்றேன்.

"வேணா. நாளைக்கு நான் போறன்."

போகத் தேவைப்படவில்லை. புதன் காலை நாங்கள் யன்னலைத் திறக்கும்போதே மகளும் வாப்பாவும் வாசலில் நின்றார்கள். யார் சொன்னார்களோ, கோப்பு வந்தது தெரிந்திருந்தது. மகள் என் மேசைக்கு முன்னால் இருந்தாள். அப்போதுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். சின்னப் பிள்ளை.

"முழுசா வந்திட்டுது," என்றார் மிஸ். "அவர்ட பேர் இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேசையில் இருந்த கடதாசிக் கட்டைப் பார்த்தாள்.

"இதுதானா மிஸ்?"

"ஓம்."

"எனக்கு வாசிக்கத் தெரியா. நீங்க வாசிங்க. எல்லாப் பேரையும்."

மிஸ் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முதல் தாளை எடுத்தார். பெயர், வாப்பா பெயர், ஊர், இருக்கும் இடம். வாழைச்சேனை ஆட்கள், நீர்கொழும்பு ஆட்கள், மன்னார் ஆட்கள். சிங்களப் பெயர்கள், தமிழ்ப் பெயர்கள், எங்கள் பெயர்கள். அவசரப்படாமல், ஒன்றையும் விழுங்காமல், எல்லாப் பெயரையும் ஒரே குரலில் வாசித்தார். அவள் மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவரின் முதல் பெயர் கொண்ட ஒருவர் நடுவில் வந்தார், பேருவளைக்காரர். அவள் உடம்பு ஒரு தரம் நிமிர்ந்தது. மிஸ் ஊரையும் வாப்பா பெயரையும் வாசித்ததும் திரும்பத் தளர்ந்தது. விசாரிக்க வந்த வேறு இரண்டு பெண்கள் கதவடியிலேயே நின்றுவிட்டார்கள். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கடைசிப் பக்கத்தில் மிஸ்ஸின் குரல் கட்டிப்போய்விட்டது.

"இதுக்குப் பிறகு வேற தாள் இரிக்கா மிஸ்?"

"இல்ல புள்ள. இதான் கடைசி."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

"அப்ப நான் போய் இத்தா இரிக்கன்," என்றாள். யாரிடமோ உத்தரவு கேட்பது போலத்தான் சொன்னாள். மிஸ் எழும்பி அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். அவர் அழுததை நான் அன்றைக்கு மட்டும்தான் கண்டேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்ராண்ட் வரை குடை பிடித்துக்கொண்டு போங்கள் காக்கா என்றார் மிஸ். போனேன். வாப்பா முன்னால் நடந்தார். குடைக்குள் அவளும் நானும். மூன்று கிழமை அந்த வரி என் கண்ணுக்கு முன்னால்தான் விழுந்தது, மிஸ்ஸைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்டிருந்தால் உனக்கு இந்த ஒரு கிழமை மிச்சமாகியிருக்கும், பிழை அவருடையது மட்டுமல்ல என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பஸ் வந்தது. அவள் ஏறி, யன்னலோரம் இருந்து, "மிஸ்ஸுக்குச் சலாம் சொல்லுங்க, பிழைய ஒளிக்காமச் சொன்னதுக்கு," என்றாள்.

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.